இறந்தவர் பெயரில் ஓர் இணைப்பு

மனாங் ஃபெலிசாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. எங்கள் பக்கத்தில் மனாங் என்றால் அக்கா, மனோங் என்றால் அண்ணன். மீன் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் தெருவில் மூன்றாவது வீடு அவருடையது. பதினான்கு வயதில் துறைமுகத்தில் மீன் தரம் பிரிக்கப் போனவர் இன்றும் விடிவதற்கு முன்பே போகிறார். கானாங்கெளுத்தி ஒரு கூடை, சாளை ஒரு கூடை, நசுங்கியது ஒரு கூடை. கண் பார்ப்பதற்குள் கை பிரித்துப் போட்டுவிடும். இரண்டு வருடங்களாக அவர் சோறு வடிப்பதும் துணி துவைப்பதும்கூட அப்படித்தான் இருக்கிறது. கை வேலை செய்கிறது. அவர் அங்கே இல்லை.

அவருடைய கதையைத் தெருவில் எல்லோரும் சிரிப்புக் கதையாகச் சொல்கிறார்கள். சிரிப்பு வரும் இடங்கள் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கூடவே இருந்து பார்த்ததால் முழுவதையும் ஒழுங்காக எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

அவர் வீட்டுச் சுவரில் தெருவைப் பார்த்தபடி ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. நாணயம் போடும் துளையும் ஒரு பச்சை விளக்கும் உண்டு. காசு போட்டால் நம் போனுக்கு இணையம் வரும். ஒரு பேசோவுக்குப் பத்து நிமிடம், ஐந்துக்கு ஒன்றரை மணி நேரம், பத்துக்கு நான்கு மணி நேரம். கீழே ஒரு பெஞ்சு. வீட்டுக்குச் சொந்தமாக இணைப்பு வாங்க முடியாதவர்கள் எல்லோரும், அதாவது தெருவில் முக்கால்வாசிப் பேர், அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் உலகத்தோடு பேசுகிறோம்.

பெட்டியைச் செய்து மாட்டியவர் அவருடைய கணவர் மனோங் கிரிசாந்தோ. படகு எஞ்சின் மெக்கானிக். காசு வாங்கும் கருவியை மட்டும் வெளியிலிருந்து வரவழைத்து, மீதியைப் பழைய தகரத்தில் அவரே செய்தார். பள்ளியில் படித்தபோது ஒருநாள் நான் அவருடைய விலையைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒற்றைப் பேசோவாகப் போடுகிறவர்தான் நிமிடத்துக்கு எல்லோரையும்விட அதிகம் கொடுக்கிறார். கையில் குறைவாக இருப்பவருக்கு ஏன் அதிக விலை என்று அவரிடமே கேட்டேன்.

“இது நான் கண்டுபிடிச்சதில்ல, இந்தாய்” என்றார். எங்கள் பக்கத்தில் சின்னப் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். “கம்பெனி எனக்கு எப்படி விக்கிதோ அப்படித்தான் நான் உங்களுக்கு விக்கிறேன். மொத்தமா வாங்கினா மலிவு. சில்லறைக்கு வந்தா தலையில கை. ஏன், மீனு மட்டும் என்ன வாழுதாம்?”

அவருடைய இணைப்புக்கு மாதம் ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேசோ. ஒன்பது வருடங்களுக்கு முன் ஊர்த் திருவிழாவில் கம்பெனிக்காரர்கள் கூடாரம் போட்டிருந்தார்கள். முதலில் சேரும் ஐம்பது பேருக்கு மட்டும் இந்த விலை, மற்றவர்களுக்கு இன்னும் ஐந்நூறு அதிகம் என்றார்கள். பேரும் முகவரியும் மாறாதவரை விலையும் மாறாது என்று விற்க வந்தவன் சொன்னான். மனோங் அதை வேத வாக்காக எடுத்துக்கொண்டார். ‘இந்த லைனை மட்டும் விட்டுடாத ஃபெலி, இந்த விலை இனி எவனுக்கும் கிடைக்காது’ என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே இருப்பார்.

இரண்டு வருடங்களுக்கு முன் மார்ச் மாதத்தில், படகுத் துறையில் ஒரு எஞ்சினைத் திறந்து வைத்துவிட்டு, கொஞ்சம் உட்காருகிறேன் என்று எண்ணெய் பீப்பாய் மேல் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

உடலை ஐந்து நாள் வீட்டில் வைத்திருந்தார்கள். எங்கள் ஊர் வழக்கப்படி வாசலில் சீட்டாட்டம் நடந்தது, காபியும் பிஸ்கெட்டும் போய்க்கொண்டே இருந்தன. சாவு வீட்டைப் பெருக்கக் கூடாது என்பதால் தரையெல்லாம் பிஸ்கெட் தூள். துக்கத்துக்கு வந்தவர்கள் பொழுது போகாமல் பெட்டியில் காசு போட்டார்கள். அந்த ஐந்து நாளில் நிறைந்ததுபோல அந்தப் பெட்டி அதற்கு முன்னும் நிறைந்ததில்லை, பின்னும் நிறைந்ததில்லை. மனாங் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாணயம் விழும் ஒவ்வொரு சத்தத்துக்கும் தலையைத் திருப்பினார். அழவில்லை. அழவில்லையே என்று பெண்கள் பேசிக்கொண்டதும் அவர் காதில் விழுந்திருக்கும்.

நாற்பதாம் நாள் செபம் முடிந்து எல்லோரும் பான்சித் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பேச்சு வந்தது. எதிர்வீட்டு மனோங் உர்பானோ படகில் சமையல்காரர், மனோங் கிரிசாந்தோவின் சின்ன வயதுக் கூட்டாளி. ஆள் இறந்தது கம்பெனிக்குத் தெரிந்தால் பெயரை மாற்றச் சொல்வார்கள், பெயர் மாறினால் புதுச் சந்தா, புது விலை என்று அவர் சொன்னார். அதனால் கம்பெனியிடம் மட்டும் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றார். விலை ஏறினால் பெட்டியிலும் ஏறும் என்பது எல்லோருக்கும் புரிந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். மனாங் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. காலித் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மகள் ரொவேனா நகரத்தில் நர்ஸ் படிப்பு படிக்கிறாள். அவளுடைய அறை வாடகையும் சாப்பாடும் இந்தப் பெட்டியிலிருந்துதான் போயின. மீன் பிரிக்கும் கூலி அரிசிக்கே சரியாகிவிடும்.

ஆக, கோவில் பதிவில் இறந்தவர், நகராட்சிப் பதிவில் இறந்தவர், கம்பெனிப் பதிவில் மட்டும் உயிரோடு இருந்தார். பில் அவர் பெயரில் வந்தது. போன் அவருடைய பழைய எண்ணுக்கு வந்தது. மனாங் அந்தப் போனைத் தினமும் சார்ஜ் போட்டு ஏப்ரன் பையில் வைத்துக்கொள்வார். கிரிசாந்தோ சார் இருக்கிறாரா என்று கேட்டால், கடலுக்குப் போயிருக்கிறார் என்பார். எங்கள் ஊரில் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. மெக்கானிக் எதற்குக் கடலுக்குப் போகிறார் என்று கம்பெனிக்காரர்களுக்குக் கேட்கத் தெரியாது. ‘என்ன மனாங், உங்க வீட்டுக்காரர் இன்னும் கரை ஏறலையா’ என்று பெஞ்சில் இருப்பவர்கள் கிண்டல் செய்வார்கள். அவர் கோபப்பட்டதே இல்லை. இன்னும் இல்லை என்று, கேட்டதற்குப் பதில் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு உள்ளே போவார்.

இப்படியே இரண்டு வருடம் ஓடியது.

இந்த வருடம் மே பன்னிரண்டாம் தேதி மதியம் வந்த போன் அப்படி முடியவில்லை. தெருவில் பழைய செப்புக் கம்பியை எடுத்துவிட்டுக் கண்ணாடி இழை போடுகிறார்களாம். யார் பெயரில் இணைப்பு இருக்கிறதோ அவரே போனில் சம்மதம் சொல்ல வேண்டுமாம், இல்லையென்றால் மாதக் கடைசியில் துண்டித்துவிடுவார்களாம். கடலுக்குப் போயிருக்கிறார் என்று மனாங் சொன்னார். ஏற்கெனவே நான்கு முறை கடலில்தான் இருந்தார் மேடம், இன்றைக்குத்தான் கடைசி நாள் என்று அந்தப் பையன் மரியாதையாகச் சொன்னான்.

மனாங் போனைக் கையால் பொத்திக்கொண்டு எதிர்வீட்டைப் பார்த்தார். படகு பழுதாகிக் கிடந்ததால் மனோங் உர்பானோ வீட்டில் இருந்தார். கூப்பிட்டதும் பனியனோடு ஓடிவந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, போனை வாங்கினார். குரல் கிட்டத்தட்ட ஒன்றுதான். இருவரும் ஒரே சிகரெட்டைப் பிடித்து வளர்ந்தவர்கள்.

பிறந்த தேதி கேட்டபோது சரியாகச் சொன்னார். இருவரும் ஒன்றாகக் குடித்துக் கொண்டாடிய நாள் அது. பிறகு அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டான். மனோங் உர்பானோ யோசிக்காமல் தன் சொந்த அம்மாவின் பெயரைச் சொல்லிவிட்டார்.

“பொருந்தல சார்.”

“அது... வீட்டுல கூப்பிடுற பேரு தம்பி.”

“குடும்பப் பேரையா சார் வீட்டுல கூப்பிடுவாங்க?”

பெஞ்சில் இருந்த நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டோம். மனாங் உதட்டை மட்டும் அசைத்து மாமியாரின் பெயரைக் காட்டினார். மூன்றாவது தடவையில் மனோங்குக்குப் புரிந்தது, சரியாகச் சொன்னார். அந்தப் பையன் நன்றி சொன்னான். அங்கேயே போனை வைத்திருக்கலாம்.

ஆனால் பையன் பேசிக்கொண்டே போனான். இத்தனை வருட வாடிக்கையாளர் என்பதால் ஒரு சலுகை இருக்கிறது, வேகம் இரண்டு மடங்கு, கூடவே படம் பார்க்கும் வசதி, பேச்சு பதிவாகிறது, சம்மதமா சார் என்று கேட்டான். ஒவ்வொரு வரிக்கும் சார். ஐம்பத்தைந்து வருடத்தில் மனோங் உர்பானோவை யாரும் அத்தனை முறை சார் என்று கூப்பிட்டிருக்க மாட்டார்கள். அதோடு, எங்கள் ஊரில் ஒருவர் இவ்வளவு பணிவாகக் கேட்கும்போது வேண்டாம் என்று சொல்வது அவரை அறைவதற்குச் சமம். ஆமாம் என்று சொல்லிவிட்டு, பிறகு அதைச் செய்யாமல் விட்டுவிடுவதுதான் மரியாதை. அந்த ஆமாமுக்கு ‘ஆகட்டும், பார்க்கலாம்’ என்றுதான் அர்த்தம் என்பது இரண்டு பக்கமும் தெரிந்த விஷயம். மனோங் ஐந்து முறை ஆமாம் சொன்னார். பதிவு செய்கிற இயந்திரத்துக்கு எங்கள் ஊர் ஆமாமின் அர்த்தம் தெரியாது.

ஜூன் மாத பில் இரண்டாயிரத்துத் தொண்ணூற்றொன்பதுக்கு வந்தது. கூடவே ஒரு தாள். மூன்று வருட ஒப்பந்தம், நடுவில் விட்டால் மீதி மாதங்களுக்கான அபராதம்.

மனாங் என்னிடம் படிக்கச் சொன்னார். படித்தேன். கம்பெனியைக் கூப்பிட்டோம். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று அரைமணி நேரம் போன பிறகு ஒரு பெண் வந்தாள். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரோடு மட்டும்தான் பேச முடியும், உங்கள் கணவரிடம் கொடுங்கள் மேடம் என்றாள். மனோங் உர்பானோ வெட்கத்தில் அந்தப் பக்கமே வரவில்லை. சரிசெய்த படகில் முதல் ஆளாக ஏறிப் போய்விட்டார். இந்த முறை உண்மையாகவே ஒருவர் கடலில் இருந்தார்.

ஜூலையில் பெட்டிக் காசில் பில் போக மிஞ்சியது ரொவேனாவுக்குப் போதவில்லை. ரொவேனா அறையை விட்டு, இன்னும் நான்கு பெண்களோடு ஒரு சின்ன அறைக்கு மாறினாள். ஆகஸ்டில், படிப்பை ஒரு வருடம் நிறுத்தட்டுமா என்று கேட்டுச் செய்தி அனுப்பினாள். மனாங்கின் போனில் இணையம் கிடையாது. அந்தச் செய்தி பெஞ்சில் என் போனுக்கு வந்தது, நான்தான் படித்துக் காட்டினேன். அவர் பதில் எதுவும் அனுப்பச் சொல்லவில்லை.

அந்த ஒப்பந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துப்போய் ஒவ்வொரு வரியாகப் படித்தேன். எல்லாம் எறும்பு எழுத்து. பின்பக்கம் கடைசியில் அபராதம் இல்லாமல் முடித்துக்கொள்ள ஒரே ஒரு வழி இருந்தது: சந்தாதாரர் இறந்துவிட்டால்.

மறுநாள் போய்ச் சொன்னேன். மனாங் கருவாட்டுக்காக மீனைப் பிளந்துகொண்டிருந்தார். இறப்புச் சான்றிதழைக் காட்டினால் போதும், ஆனால் அதோடு பழைய விலையும் போய்விடும் என்றேன். சான்றிதழில் இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி இருக்கிறது, மே மாதம் பேசியது யார் என்று கேட்டால் என்ன செய்வது என்றும் சொன்னேன். அவர் கேட்டார் என்பதற்கு அடையாளமே இல்லை. கத்தி ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. நான்கைந்து நாள் கழித்து, தண்ணீர் பிடிக்கும் இடத்தில், அரிசி விலை கேட்பதுபோலக் கேட்டார்.

“எப்பப் போகலாம் இந்தாய்?”

நகரத்துக்கு வேனில் மூன்று மணி நேரம். கம்பெனியின் சேவை மையம் ஒரு பெரிய கடைவளாகத்தில் இரண்டாவது மாடியில் இருந்தது. மனாங் ஞாயிற்றுக்கிழமை உடுப்பு போட்டிருந்தார். சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியில் வைத்திருந்தார். எங்கள் எண் எழுபத்தொன்று. குளிரூட்டிய அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். எதிரே திரையில் ஒரு குடும்பம் சோபாவில் உட்கார்ந்து திரும்பத் திரும்பச் சிரித்துக்கொண்டிருந்தது.

மேசையில் இருந்த பெண்ணுக்கு என்னைவிட நான்கைந்து வயது கூட இருக்கலாம். என்ன உதவி வேண்டும் மேடம் என்றாள். மனாங் வாயைத் திறந்தார். எனக்குப் பயமாக இருந்தது, ஏனென்றால் கடலுக்குப் போயிருக்கிறார் என்றுதான் வரப்போகிறது என்று நினைத்தேன்.

“என் வீட்டுக்காரர் செத்துப்போயிட்டார்” என்றார். இரண்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து நான் அந்தச் சொல்லைக் கேட்டது அதுதான் முதல் முறை. குரலில் ஒன்றும் இல்லை. பிளாஸ்டிக் உறையைத் தள்ளி வைத்தார்.

அந்தப் பெண் வருத்தம் தெரிவித்தாள். கணக்கை முடித்துவிட்டு மனாங் பெயரில் புதிதாக ஒன்று தொடங்கலாம் என்று சொல்லி, ஒரு விலை அட்டையைத் திருப்பிக் காட்டினாள். அதே வேகம், மாதம் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.

மனாங் அட்டையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மனோங் கிரிசாந்தோ யாருக்கும் கிடைக்காது என்று சொன்ன விலையைவிட அது நானூறு குறைவு.

“இது எத்தனை மாசத்துக்கு?” என்று நான் கேட்டேன். தூண்டிலாக இருக்கும் என்று நினைத்தேன்.

“எப்பவுமே இதுதான். புதுசா சேர்றவங்களுக்கு மட்டும்.”

“எப்பலேருந்து இந்த விலை?”

“அது ஆச்சு, ரெண்டு வருஷத்துக்கு மேல.”

“அப்ப பழைய ஆளுங்களுக்கு?” இது மனாங்.

“அவங்களும் மாத்திக்கலாம் மேடம். கேக்கணும்.”

“யாரு கேக்கணும்?”

“கணக்கு யாரு பேர்ல இருக்கோ அவரு கேக்கணும்.”

மனாங் தலையாட்டினார். மீன் கூடையின் எடையைத் தராசுக்காரன் சொல்லும்போது ஆட்டுவாரே, அதே மாதிரி. இரண்டு வருடம் ஒரு மனிதரை உயிரோடு வைத்திருந்ததற்கு மாதம் நானூறு பேசோ அதிகமாகக் கொடுத்திருக்கிறோம், அவ்வளவுதான். எங்கள் ஊர்ச் சுவர்களில் ஒட்டியிருந்த விளம்பரங்களை நாங்களும் பார்த்தவர்கள்தான். அது நமக்கில்லை, நாம்தான் பழைய விலையில் இருக்கிறோமே என்று கடந்து போயிருக்கிறோம்.

அந்தப் பெண் சான்றிதழைப் பார்த்துத் தட்டச்சு செய்தாள். திரையில் சிவப்பாக ஏதோ வந்தது. மறுபடி தட்டினாள். மறுபடியும் சிவப்பு. சான்றிதழை எடுத்து நிதானமாகப் படித்தாள். பிறகு திரையைப் படித்தாள். பிறகு மனாங்கைப் பார்த்தாள். மே மாதம் பேசியது யார் என்று கேட்கப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. மேற்பார்வையாளர் உட்கார்ந்திருந்த பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். அதுவரை பேசிய கம்பெனிப் பேச்சு போய், எங்கள் பக்கத்துப் பேச்சு வந்தது.

“மனாங், கம்ப்யூட்டர் இந்தத் தேதிய எடுத்துக்க மாட்டேங்குது. ஒப்பந்தம் மே பன்னெண்டுல இருக்கு. அதுக்கு முன்னாடி எறந்ததா போட முடியல.”

“காகிதத்துல அதுதானே இருக்கு.”

“காகிதத்த யாரும் படிக்க மாட்டாங்க. படம் எடுத்து ஏத்தினாப் போதும். இங்க தேதி மட்டும் ஒண்ணு போட்டாகணும்.”

“எது எடுத்துக்கும்?”

“பன்னெண்டுக்கு அப்புறம் எதுன்னாலும்.”

பக்கத்து மேசையில் ஒருவர் வேகம் போதவில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

“அடுத்த நாளே போட்டுடு” என்றார் மனாங். “இழுக்க வேண்டாம்.”

அந்தப் பெண் தட்டினாள். திரை பச்சையானது. ஒரு தாள் வந்தது, மனாங் கையெழுத்துப் போட்டார். அடுத்து புதுச் சந்தாவுக்கான தாள். பெயர், முகவரி, பிறந்த தேதி, அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர். எல்லாவற்றையும் அவரே எழுதினார், மெதுவாக. மூன்று நாளில் ஆள் வந்து புது மோடம் வைப்பான் என்றாள் அந்தப் பெண். பிறகு எழுபத்திரண்டு என்று கூப்பிட்டாள்.

வேன் நிலையத்தில் பசிக்கிறதா என்று கேட்டு எனக்கு ஒரு அவித்த சோளம் வாங்கிக் கொடுத்தார். அவர் சாப்பிடவில்லை. ரொவேனாவுக்குச் செய்தி அனுப்பச் சொன்னார்: படிப்பை நிறுத்த வேண்டாம், அறையை மாற்றிக்கொள். அவள் இருந்த இடம் அங்கிருந்து ஜீப்பில் பத்து நிமிடம். போய்ப் பார்த்துவிட்டுப் போகலாமா என்று கேட்டேன். வேன் போய்விடும் என்றார். அடுத்த வேன் ஒரு மணி நேரத்தில் இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை.

பாதி வழி வரை அவர் தூங்குகிறார் என்றே நினைத்தேன். கரும்பு வயல்கள் முடிந்து கடல் தெரிய ஆரம்பித்த இடத்தில் என் முழங்கையைத் தொட்டார்.

“இந்தாய், நான் அங்க என்ன தேதி சொன்னேன்?”

“மே பதிமூணு, மனாங்.”

“பதிமூணு.” உதட்டுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். “நீயும் ஞாபகம் வச்சுக்க. திரும்பக் கூப்பிட்டுக் கேப்பாங்க.”